மரம் மட்டும் போட்ட அட்டை

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்தபின் எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் தேவவரம், மாடியில் குடியிருக்கும் லில்லிபுஷ்பம் டீச்சர், மேலப்பாளையம் மீரான் பாய் கடையிலிருந்து வந்த பழைய ரெக்கார்டுகள் ஒரு கட்டு. வேறு யாரும் இல்லை. ரெக்கார்டுகளுக்குக் கை வைத்த நாற்காலி கொடுக்கப்பட்டிருந்தது. டீச்சருக்கு ஸ்டூல்.

டீச்சர் வந்தது வசனப் போட்டி விஷயமாக. எங்கள் சபையில் ஞாயிறு பள்ளிக்கு அவள்தான் பொறுப்பு. 18ஆம் தேதி பிள்ளைகள் வேதாகமத்தில் ஒரு அதிகாரம் முழுவதையும் மனப்பாடமாக ஒப்பிக்கவேண்டும். முதலாவது வரும் ஒரே ஒரு பிள்ளை எங்கள் சபையின் சார்பில், சுற்றுவட்டாரச் சபைகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் சேகரப் போட்டிக்குப் போகும். "நடுவர் நீங்கதான் எக்கா, வழக்கம்போல" என்றாள்.

வேறு யார்? எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். மாவு ஆட்டிக்கொண்டே அதிகாரம் அதிகாரமாக மனதில் ஏற்றியவள். கணக்கு எழுதுவதைக்கூடப் பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு பாடப்புத்தகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். பி.எட். படித்தவர்கள் நடுவராக உட்கார்ந்தால் வேதத்தைத் திறந்து வரிக்கு வரி விரலை நகர்த்திக்கொண்டு போவார்கள். நான் திறப்பதே இல்லை. பிள்ளையின் முகத்தைப் பார்ப்பேன், மனதுக்குள் கூடவே சொல்லிக்கொண்டு வருவேன், மதிப்பெண் போடுவேன். அந்த மேஜையில் எனக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது என்றால் அது கர்த்தர் கொடுத்தது.

இதை நாங்கள் பேசி முடிக்குமுன் இவர் ஒரு ரெக்கார்டைச் சுழலவிட்டார்.

"சற்குணம், பாடுறது ஆம்பளையா, பொம்பளையா? சொல்லு பாப்போம்."

"அட்டையப் பாத்தாத் தெரிஞ்சிட்டுப் போகுது."

"அட்டையில ஒரு கப்பல்தான் இருக்கு."

"அப்ப கப்பல்தான் பாடுது."

லில்லி டீச்சர் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அட்டையில் எழுதியிருப்பது என்ன பாஷை என்று இவருக்கும் தெரியாது, விற்ற பாய்க்கும் தெரியாது. இதிலே எனக்குப் பொறுக்காதது ஒன்று. கடையில் அதே பெட்டியில் நல்ல கீர்த்தனை ரெக்கார்டு இரண்டு இருந்ததாம். எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டாராம். ஏன் என்று கேட்டால், "அதுதான் உனக்குத் தெரியுமே" என்கிறார். தெரிந்ததை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது என்று எந்த வேதத்தில் இருக்கிறது?

செலவு: காணிக்கை 100. பால் 46. ரெக்கார்டு 550. கடைசி வரியை எழுதும்போது கை கூசுகிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலிங்பெல் கெட்டுவிட்டது. பால்காரர் வெகுநேரம் அழுத்திவிட்டுப் போய்விட்டாராம். பிற்பகல் வந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார். எலக்ட்ரீசியன் வந்து பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தக் காலத்தில் யாருக்கு வேலை தெரிகிறது? புதிது மாட்டச் சொன்னேன். 280.

புதிதும் அதே லட்சணம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கோழி வளர்ப்பு.

ஆம், கோழி வளர்ப்பு. யாரோ ஒரு காலத்தில் விவசாயிகளுக்காகப் பேசிப் பதிவு செய்த ரெக்கார்டாம். எங்கள் வீட்டில் கோழி இல்லை. வளர்க்கும் எண்ணமும் இல்லை. பெட்டியின் அடியிலிருந்து இதைக் கண்டெடுத்ததும் புதையல் கிடைத்தது போல ஓடி வந்திருக்கிறார் மனிதர்.

நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். முதல் பக்கம் ஓடி முடிந்ததும் கேள்வி கேட்டார். குஞ்சுக்குத் தண்ணீர் எந்தப் பாத்திரத்தில் வைக்கவேண்டும்? "மண்சட்டியில, கல்லு போட்டு" என்றேன். கூண்டு எந்தத் திசையைப் பார்க்கவேண்டும்? அதையும் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. இதிலென்ன மலர்ச்சி? அதில் பேசியவர் நல்ல கனத்த குரலில், ஆண்பிள்ளை என்றால் இப்படிப் பேசவேண்டும் என்பதுபோலப் பேசினார்.

மறுபக்கத்தைப் போட்டார். அதில் பேசுவது ஒரு பெண். சீக்குக் கோழிக்கு என்ன கொடுக்கச் சொல்கிறாள் என்று கேட்டார்.

"அவ வெத்தலைய வாயில அடக்கிக்கிட்டுல்லா பேசுதா. முதல்ல துப்பிட்டுப் பேசச் சொல்லுங்க."

இன்னொரு தரம் போட்டார். இன்னொரு தரம் அதே வெற்றிலை. "ஊசி தேஞ்சிருக்கும், மாத்துங்க" என்று சொல்லி அடுப்பை அணைத்தேன். சாயங்காலமே பாய் கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தார். ஊசி 450. கர்த்தாவே, பொறுமை தாரும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எங்கேதான் போய் இப்படிப் பொறுக்குகிறார் என்று பார்த்துவிடுவோம் என்று, ஆராதனை முடிந்து கூடவே போனேன். வழியில் ரோட்டுப் பக்கமாக அவர் நடந்துகொண்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து இல்லாத வழக்கம். வண்டிக்காரர்கள் வேறு இப்போதெல்லாம் ஹார்ன் அடிக்காமல் பின்னால் வந்து திட்டுகிறார்கள்.

மீரான் பாய் கடை என்பது ஒரு நீளமான சந்து. வாசலில் பித்தளை, அப்புறம் மேஜைவிசிறி, தையல் மிஷின், கடைசியில் பழைய பழப்பெட்டிகளில் நிறுத்திவைத்த ரெக்கார்டுகள். தராசுத் தட்டில் ஒரு சாம்பல் பூனை தூங்குகிறது.

இவர் பெட்டிமுன் குந்தி, அட்டைகளை விரலால் ஒவ்வொன்றாக முன்னே சாய்க்கிறார். தெரிந்த முகம் வந்தால் தள்ளிவிடுகிறார். தெரிந்த பாட்டு வந்தால் தள்ளிவிடுகிறார். முன்பின் அறியாதவர்கள் வந்தால் வெளியே எடுத்து, ரெக்கார்டின் ஓரத்தை உள்ளங்கைகளால் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்க்கிறார். பெண் பார்க்க வந்த அன்று என்னைக்கூட இவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.

பாய்க்கே பொறுக்கவில்லை. "சார்வாள், நாலு பேரு கேட்டு வாங்குறது அந்தப் பெட்டியில இருக்கு. நீங்க என்ன, யாருமே சீந்தாததாப் பாத்து எடுக்கீங்க?"

இவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் எக்ஸ்சேஞ்சுக் கதைதான் வரும். வந்தது.

"பாய், லைன் டெஸ்ட் பண்ணும்போது அந்தப் பக்கத்து ஆள ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணச் சொல்ல மாட்டோம். அடுத்து என்ன வரும்னு நமக்குத் தெரியும்லா. பாதி கேக்காட்டியும் மிச்சத்த மனசே போட்டு நிரப்பிக்கிடும். தாறுமாறா நம்பர் சொல்லச் சொல்லுவோம். அதுலதான் லைன் லட்சணம் தெரியும்."

"அதுக்கும் கோழி வளக்குறதுக்கும் என்ன சம்பந்தம் சார்வாள்?"

"இருக்கு" என்றார்.  நான் சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் ரெக்கார்டுகளை இரண்டு அடுக்காகப் பிரித்து வைக்கிறார். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. எந்தக் கணக்கில் பிரிக்கிறார் என்று கேட்டால் மழுப்புகிறார். இரண்டு அடுக்கு என்றால் துடைக்கவேண்டிய தூசியும் இரண்டு மடங்கு.

செலவு: பஸ் 48. ரெக்கார்டு 180.

ஆகஸ்ட் 15, வியாழன்

குக்கர் விசில் அடிக்கவில்லை. பருப்பு அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது. மாடியிலிருந்து லில்லி டீச்சர் இறங்கி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். புது வெயிட் 90.

இந்த வீட்டில் சத்தம் போடவேண்டிய சாமான்கள் எல்லாம் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்கின்றன. சத்தம் போடக்கூடாத ஒன்று மட்டும் நாள் முழுவதும் சுழல்கிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வசனப் போட்டி நடந்தது. பிள்ளைகள் நன்றாகத் தயாராகி வந்திருந்தார்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஜெமிமா முதலாவது. நிமிர்ந்து நின்று, என் கண்ணைப் பார்த்து, உதடுகளை அழகாகத் திறந்து சொன்னாள். அவளோடு சேர்ந்து நானும் மனதுக்குள் ஓடினேன், ஓரிடத்திலும் தடுக்கவில்லை. முழு மதிப்பெண்.

ஹெப்சி என்று ஒரு பிள்ளை. தையல் கடையில் வேலை பார்க்கும் ரூபியின் மகள். மேடைக்கு வந்ததும் தலையைக் குனிந்தது, கடைசிவரை நிமிர்த்தவே இல்லை. முணுமுணுப்பு. இரண்டு முறை "நிமிந்து பாத்துச் சொல்லும்மா" என்றேன். தாடை இன்னும் கீழே போயிற்று. நான் என்னத்தைப் பார்த்து மதிப்பெண் போட? நூற்றுக்கு நாற்பது போட்டேன். அதுவே தாராளம்.

அறிவித்தபோது கைதட்டல் ஒரு கணம் தாமதமாக வந்தது. களைப்பாக இருக்கும். இவர் பின்வரிசையில் இருந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

இன்றும் பேசவில்லை. ரெக்கார்டும் போடவில்லை. இப்படியே இருந்தால் வீடு வீடாக இருக்கும்.

ஆகஸ்ட் 21, புதன்

வேலை முடிந்து போகும் வழியில் ரூபி வந்தாள். செருப்பை வாசலுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு, கூடத்தில் நின்றுகொண்டே பேசினாள்.

"எக்கா, ஒண்ணு கேட்டாக் கோவிக்க மாட்டீங்களே?"

"உக்காந்து கேளு."

உட்கார்ந்தாள். "பிள்ள ஒரு எழுத்து விடாம சொன்னா எக்கா. நாப்பதுதான் வந்திருக்கு. எங்க தப்பு விட்டான்னு சொன்னீங்கன்னா அடுத்த வருசம் திருத்திக்கிடலாம்."

"தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு முணுமுணுத்தா யாருக்கு விளங்கும் ரூபி?"

"கடைசி வரிசையில இருந்த எனக்கே தெளிவாக் கேட்டுச்சே எக்கா."

பெற்றவளுக்கு அப்படித்தான் கேட்கும் என்று சொன்னேன். அவள் சேலை நுனியை விரலில் சுற்றினாள். பிறகு, "ஜெமிமா நடுவுல நின்னு போயிட்டாளே எக்கா. ரெண்டு வசனம் வரவே இல்ல. வாய மட்டும் அசைச்சிக்கிட்டு நின்னா. எல்லாரும் பாத்துக்கிட்டுதான இருந்தாவ" என்றாள்.

"விட்டிருந்தா எனக்குத் தெரியாதா? அந்த அதிகாரத்த நான் தூக்கத்துல சொல்லுவேன். அவகூடவே சொல்லிக்கிட்டு வந்தேன். ஒரு வார்த்த குறையல."

"நீங்க ஆள் பாத்துப் போடுறவங்க இல்ல எக்கா. அது எனக்குத் தெரியும். அதனாலதான் எனக்கு விளங்கல." அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய்விட்டாள். ஊற்றி வைத்த காப்பி அப்படியே ஆறிப்போயிருந்தது.

இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். கட்டின மனைவிக்காக ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலையில் இவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "நீங்களும் பின்னாலதானே இருந்தீங்க. ஹெப்சி சொன்னது கேட்டுச்சா, இல்லையா?"

இப்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றாலும் எழுந்து என் முன்னால் வந்து நின்றுகொள்கிறார். அடுப்படியில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம் இருக்கிறது. வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார். "கேட்டுச்சு" என்றார்.

 நான் மேலே கேட்கவில்லை. தாளிக்கிற நேரம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கோயிலில் புது மைக் வாங்கியிருக்கிறார்கள். இதற்கா எல்லோரும் நன்கொடை கொடுத்தோம்? போதகர் தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல இருக்கிறது. பிரசங்கத்தில் பாதிதான் பிடிபட்டது. கமிட்டியில் யாராவது கேட்கவேண்டும். பாட்டுகள் மட்டும் சுத்தமாக, கணீரென்று கேட்டன. எல்லாம் எனக்குத் தெரிந்த பாட்டுகள்.

லில்லி டீச்சரை வாசலில் பார்த்தேன். சேகரப் போட்டிக்கு ஜெமிமாவின் பெயரை இன்னும் அனுப்பவில்லையாம். செப்டம்பர் 3 வரை நேரம் இருக்கிறதாம். "ஏன் காத்திருக்க?" என்றேன். "சும்மாதான் எக்கா" என்றாள். ரூபி அங்கும் போய்ப் பேசியிருப்பாள்.

மத்தியானம் இவர் மறுபடி ஒரு கட்டைப் பிரித்தார். ஒரே வாரத்துச் சமாதானமும் முடிந்தது. "இதுல வயலின் வருதா சற்குணம்?" வரவில்லை என்றேன். "மத்தளம்?" வருகிறது என்றேன். சிறிய அடுக்கிலும் வைக்காமல், பெரிய அடுக்கிலும் வைக்காமல், கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். பைத்தியம் பிடிக்கிறது எனக்கு.

ஒன்று தீர்மானித்தேன். நல்ல ரெக்கார்டு என்றால் எப்படி இருக்கும் என்று நானே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்து காட்டுகிறேன். அப்போதாவது அடங்குகிறாரா பார்ப்போம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இவர் பென்ஷன்காரர் சங்கக் கூட்டத்துக்குப் போனதும் நான் பஸ் ஏறினேன்.

"வாங்கம்மா. சார்வாள் வரலியா?" என்றார் மீரான் பாய்.

"நான் வந்தாப் போதாதா?"

"அதுக்கில்லம்மா. சார்வாள் வந்தா ரெண்டு மணி நேரம் கடையில வேற வியாபாரம் ஓடாது. அதான் கேட்டுக்கிட்டேன்."

முன்னால் இருந்த பெட்டிகளை விட்டுவிட்டு, பெஞ்சுக்கு அடியில் இருந்ததை இழுத்துத் தரச் சொன்னேன். யாரும் சீந்தாததில்தான் இவர் தேடுகிறார் என்றால், அதிலேயே நல்லது எடுத்துக் காட்டவேண்டும். எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒரு டாக்டர் வீட்டைக் காலி செய்தபோது மொத்தமாக வந்ததாம். எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன்.

முதல் அட்டையில் மீசைக்காரர் ஒருவர், கையில் கோப்பை. கோப்பையில் இருப்பது மோராக இருக்கமுடியாது. தள்ளினேன். அடுத்ததில் இரண்டு பெண்கள், உடுத்தியிருந்தது ஒருத்திக்கே போதாது. தள்ளினேன். அடுத்து ஒரு கிழவர் குழந்தைபோலச் சிரித்தார். நன்றாக இருக்கிறதே என்று முழுவதும் வெளியே எடுத்தால் கீழே கையில் சுருட்டு. அதற்கடுத்துச் சிலுவை வைத்த ஒரு கோயில் கோபுரம். மனதுக்கு நிறைவாக இருந்தது. உள்ளே பார்த்தால் ரெக்கார்டே இல்லை, யாரோ ஒருவரின் எக்ஸ்ரே படம். இடுப்பு எலும்பு. அப்புறம் எலி கடித்தது ஒன்று. கண்ணைக் கவர்ந்த பச்சை அட்டை ஒன்று. பின்பக்கம் கொம்பு வைத்த ஆள் பிடில் வாசிக்கிறான்.

முன்பின் தெரியாத ஒன்றை எதை நம்பி எடுப்பது? இவர் இத்தனை மாதமாக இதைத்தான் செய்கிறார் என்று நினைத்தபோது கோபத்தோடு கொஞ்சம் ஆச்சரியமும் வந்தது. எழுத்து உதவாது, முகம் உதவாது, விலையும் உதவாது. கையில் எடுத்து, ஏதோ ஒரு எண்ணத்தில் சரி என்று சொல்லவேண்டியதுதான்.

அப்போதுதான் மரம் வந்தது.

ஒரே ஒரு மரம். ஆள் இல்லை, கோப்பை இல்லை, சுருட்டு இல்லை. வெள்ளை அட்டையில் இலை உதிர்ந்த ஒரு மரம், மேலே ஏதோ பாஷையில் ஒரு வரி. இவர் செய்வதுபோலவே ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தேன். ஒரு கீறல் இல்லை. உள்ளுறையில் யாரோ பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள் போட்டு எதையோ எண்ணியிருந்தார்கள். கணக்கு எழுதுகிறவர் ஒருவர் வைத்திருந்த ரெக்கார்டு. அதுவே எனக்குப் போதுமான சாட்சி.

"போட்டுக் காட்ட முடியாதும்மா, கரண்ட் இல்ல. சரியில்லேன்னா நாளைக்கே கொண்டாங்க, மாத்தித் தாரேன்" என்றார் பாய்.

பஸ் 24. ரெக்கார்டு 60. பேரம் பேசினால் இப்படி வாங்கலாம் என்று இவருக்குச் சொல்லவேண்டும்.

ஆகஸ்ட் 28, புதன்

ஏமாந்துவிட்டேன்.

இவர் ரேஷன் கடைக்குப் போன நேரம், முதலில் நானே கேட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு காட்டலாம் என்று போட்டேன். ஒன்றும் இல்லை. லேசான கரகரப்பு. சத்தம் கூட்டும் குமிழை முழுவதும் திருப்பினேன். கரகரப்பு பெரிதாயிற்று. மறுபக்கத்தைப் போட்டேன். ஓரிடத்தில் மட்டும் தூரத்தில் புறா குமுறுவதுபோல ஏதோ கேட்டது. மற்றபடி வெறும் தட்டு. கீறலே இல்லாமல் இருந்ததன் காரணம் இப்போதல்லவா விளங்குகிறது!

அப்போதே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடையில் இருந்தவர்கள்: நான், மீரான் பாய், தையல் மிஷின் விலை கேட்க வந்த ஒருவர், தராசில் பூனை.

"பாய், வெறும் தட்ட அறுவது ரூவாய்க்கு வித்திருக்கீங்க."

"அப்படி வராதேம்மா. இருங்க, போட்டுப் பாத்துருவோம்."

ஊசியை வைத்தார். நான் ரெக்கார்டைப் பார்க்கவில்லை; பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்படி விழிக்கிறார் பார்ப்போம் என்று. அவர் புருவம் சுருங்கி இருந்தது. பிறகு மெல்ல விரிந்தது. தையல் மிஷின்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, தலையை ஒருபக்கம் சாய்த்தார்.

"என்னம்மா வெறும் தட்டுன்னீங்க? ஒரு காடே கத்துதே இதுல."

"பறவைங்க" என்றார் தையல் மிஷின்காரர். "இது கரிச்சான் மாதிரில்லா இருக்கு. இந்தா, இது வேற ஒண்ணு."

எனக்குக் கரகரப்புக் கேட்டது. வாசலில் போன லாரி கேட்டது. பாயின் குரல் கேட்டது. இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவும் வாயெடுத்தேன்.

அப்போது பூனை எழுந்தது. தராசிலிருந்து சத்தமில்லாமல் இறங்கி, வயிறு தரையில் படப் பதுங்கி, காதுகளை முன்னால் விடைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் பெட்டியை நோக்கி அடி அடியாக வந்தது. பெட்டியின் துணியில் ஒரு முன்னங்காலை வைத்தது. உள்ளே எங்கே இருக்கிறது என்று தேடியது. பெட்டியைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தது.

பூனை கேலி செய்யாது.

"எங்க வீட்டு ஊசி சரியில்ல போலிருக்கு" என்றேன்.

"இந்த மாசந்தானே சார்வாள் புது ஊசி வாங்கிட்டுப் போனாவ?"

ரெக்கார்டை வாங்கிப் பையில் வைத்தேன். உள்ளுறையில் இருந்த பென்சில் கோடுகள் எதற்கென்று தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பறவைக்கும் ஒரு கோடு. மாற்றித் தரட்டுமா என்று பாய் கேட்டிருக்கவேண்டும். உதடு அப்படித்தான் அசைந்தது. வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

பால் 46. வேறு எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

காலை ஜெபம் முடிந்ததும் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். "கோழி ரெக்கார்டப் போடுங்க. அந்தப் பொம்பள பேசுற பக்கம்" என்றேன்.

போட்டார். அவளுக்கு வெற்றிலை இல்லை. வாயே இல்லை. ஏதோ ஒரு முனகல் வந்தது, நின்றது, வந்தது.

"நிப்பாட்டுங்க. எத்தன நாளா இந்தப் பரிட்சை?"

சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து, சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் நெருக்கி நின்றார். "ஈஸ்டர்லேருந்து."

"வாயத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன். மூணு தடவ. மூணு தடவையும் நீ அடுப்பப் பாத்து நின்ன."

"முன்னால வந்து சொல்லணும்."

"முன்னாலயும் வந்து சொன்னேன். பெல்ல மாத்தச் சொன்ன."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்.

"பாட்டுப் புஸ்தகம் பூரா உனக்கு மனப்பாடம். ஜெபம் மனப்பாடம். கோயில்ல ஊருக்கு முந்தி ஆமென் சொல்லுத. உனக்குத் தெரிஞ்சத வச்சு உன்ன எப்படிக் கண்டுபிடிக்க? அதான் உனக்கும் தெரியாதது, எனக்கும் தெரியாதது, ஒருத்தனுக்கும் தெரியாததாத் தேடி எடுத்தேன்."

"அந்தக் காசுக்குக் காது டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்."

"வந்திருப்பியா?"

 அடுத்த செவ்வாய் போவதாக ஆகியிருக்கிறது.

சிறிய அடுக்கைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். "இதெல்லாம் நீ திட்டாதது" என்றார். எல்லாம் கனத்த குரல்கள், மத்தளம், பெரிய பெரிய மணி. எனக்குக் கேட்பதை மட்டும் சேர்த்து வைத்திருக்கிறார். யாருமே சீந்தாத பெட்டிகளில் மாதக்கணக்காக இதைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு திட்டு வாங்கியிருக்கவேண்டாம். ஆனால் திட்டினதால்தான் அடுக்குப் பிரிக்க முடிந்தது என்கிறார். இவரோடு எப்படிக் காலம் தள்ளுவது?

பிறகு நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். "ஹெப்சி?"

"ஒரு எழுத்து விடல."

"ஜெமிமா?"

"ரெண்டு வசனம் போச்சு. ரூபி சொன்னதுதான்."

ஜெமிமாவின் உதடு வெறுமனே அசைந்துகொண்டிருந்தபோது அந்த வசனங்களை ஒப்பித்தது நான். முழு மதிப்பெண் போட்டது எனக்கே. குனிந்த தலையோடு ஒரு எழுத்து விடாமல் சொன்ன பிள்ளைக்கு நாற்பது. அதுவே தாராளம் என்றும் எழுதி வைத்திருக்கிறேன். மேலே இருக்கிறது, அடிக்கப்போவதில்லை.

ஆகஸ்ட் 31, சனி

மாடிப்படி ஏறிப்போய் லில்லி டீச்சரிடம் நேரே சொல்லிவிடலாம். அவள் ஏதாவது பதில் சொல்வாள். பாதியைக் கேட்டு, மீதியை எனக்குச் சாதகமாக நானே நிரப்பிக்கொள்வேன். அதனால் எழுதி, இவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அதன் நகல்:

அன்புள்ள லில்லிபுஷ்பம்,

18ஆம் தேதி நான் போட்ட மதிப்பெண்களை எடுத்துக்கொள்ளவேண்டாம். பிள்ளைகள் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. இதை நீ என்னிலும் முன்பே அறிவாய் என்று தெரிகிறது. அதற்காகத்தான் பெயரை அனுப்பாமல் வைத்திருந்தாய் என்றும் தெரிகிறது. அதற்கு நன்றி. சொல்லாமல் இருந்ததற்குக் கோபமும் உண்டு. அதைப் பிறகு பேசிக்கொள்வோம்.

நாளை ஆராதனை முடிந்ததும் ஹெப்சியையும் ஜெமிமாவையும் இன்னொரு முறை ஒப்பிக்கச் சொல். வேதத்தைத் திறந்து விரல் வைத்துப் பார்க்கிற யாராவது மதிப்பெண் போடட்டும். ஹெப்சி தலையைக் குனிந்தபடியே சொல்லலாம், யாரும் நிமிரச் சொல்லவேண்டாம். ஜெமிமாவின் அம்மாவிடமும் ரூபியிடமும் இன்று சாயங்காலம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். நாளை நான் பின்வரிசையில் ரூபியின் பக்கத்தில் இருப்பேன்.

இதற்கு உனக்குச் சம்மதமா என்று சொல். போன் செய்யாதே, படியில் நின்று கூப்பிடாதே. இறங்கி வந்து என் முகத்துக்கு நேரே நின்று சொல், இல்லாவிட்டால் இதே தாளின் பின்பக்கம் எழுதி அனுப்பு. நாளைக்குள் வேண்டும், சீக்கிரம் பதில் தா.

சற்குணம்